பிரட்டுக் களமும் நுணுக்குக்காட்டியும்

நோய்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகை நோய் மனிதனைப் படுக்கையில் கிடத்திவிடும். அவன் முனகுவான், வீட்டார் கலங்குவர், வைத்தியரை அழைத்துவர ஆள் ஓடும். மற்றொருவகை நோய் அவனை நடக்கவிடும், வேலைக்குப் போகவிடும், உண்ணவும் உறங்கவும் விடும். ஆனால் உள்ளிருந்தபடியே நாள்தோறும் சிறிது சிறிதாக அவனைக் குறைத்துவிடும். முன்னையதைக் காண வைத்தியர் நோயாளியின் வீட்டுக்குச் சென்றாற் போதும். பின்னையதைக் காணவேண்டுமாயின், தமக்கு நோயே இல்லை என்று எண்ணியிருப்போரிடம் அவர் செல்லவேண்டும். ஒருவரிடம் அன்று, எல்லோரிடமும் செல்லவேண்டும். எல்லோரும் ஓரிடத்தில் எங்கே கிடைப்பார்கள்? வேலைத்தலத்திலேதான். தொழில் நடக்கும் இடத்தில் அனைவரையும் ஒருங்கே பரிசோதிக்கும் முறை இவ்வாறுதான் பிறந்தது. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் இம்முறையை நூறாண்டுக்கு முன்னரே கண்டவை. அம்முறையால் என்ன கூடும், என்ன கூடாது என்பதையும் அவை கண்டன.

அட்டன், நுவரெலியா, மாத்தளை, கண்டி ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் நாள் பிறப்பது பிரட்டுக் களத்தில். விடியற்காலையில் தொழிலாளர் யாவரும் அங்கே கூடுவர். பெயர் சொல்லி அழைக்கப்படுவர். யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, யார் கவ்வாத்துக்குப் போவது என்பது அங்கே முடிவாகும். செக்ரோல் என வழங்கும் பேரேட்டில் அவரவர் பெயர் ஏறும். அந்தப் பெயர்தான் அன்றைய கூலி. 'பேர் விழுந்தது' என்றால் ஒருநாட் சம்பளம் கிடைத்தது என்பது பொருள். ஒருவர் விடாமற் பெயர் எழுதப்பட்ட பட்டியலும், அப்பட்டியலில் உள்ளோர் தவறாது கூடும் களமும், அவர்கள் அனைவரும் அருகருகே வாழும் லயங்களும் ஒருசேர அமைந்த இடம் தோட்டம். கிராமத்திலோ நகரத்திலோ சுகாதாரப் பகுதியினர் மாதக்கணக்கில் முயன்று தயாரிக்கவேண்டிய குடிக்கணக்கு, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் மேசையிலேயே ஆயத்தமாக இருந்தது.

அந்தத் தோட்டங்களில் பதுங்கியிருந்த நோய் எது? அதுதான் கொளுக்கிப் புழு நோய். கொக்கிப் புழு என்றும் அதனைக் கூறுவர். அரை அங்குலத்துக்கும் குறைந்த நீளமுடைய, நூல்போன்ற வெண்ணிறப் புழு அது. மனிதனின் சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழும். தென்னாசியாவில் மிகுதியாகக் காணப்படும் இனத்தைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒரு துளியளவே, ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். இஃது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். நூறு புழுக்கள் குடியிருந்தால் ஒரு மாதத்தில் 90 மில்லிலீற்றர் இரத்தம் போய்விடும். போன இரத்தத்தை ஈடுசெய்யப் போதிய உணவில்லாத உடலில் சோகை பிடிக்கும். கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும்; மேடேறும்போது மூச்சுவாங்கும்; முகமும் காலும் வீங்கும். பிள்ளைகளின் வளர்ச்சி குன்றும். கருவுற்ற தாய்க்கோ பேறுகாலமே கண்டமாகும். ஆயினும் நோயாளி 'எனக்கு நோய்' என்று சொல்லமாட்டார். 'உடம்பு முடியவில்லை' என்பார். மேற்பார்வை செய்பவரோ 'சோம்பல்' என்பார். உண்மையை உரைக்க வல்லது நுணுக்குக்காட்டி ஒன்றே.

அப்புழு மனிதனை அடையும் வழி விந்தையானது. குடலில் வாழும் பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவை மலத்தோடு வெளியேறுகின்றன. மலம் திறந்த நிலத்தில் விழுந்தால், ஈரமும் வெப்பமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் முட்டை பொரித்து நுண்ணிய குடம்பி வெளிவரும். ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் அது மனிதனைத் தொற்றும் வலிமை பெற்றுவிடும். வெறுங்காலோடு நடப்பவரின் விரலிடுக்கில் தோலைத் துளைத்து அது உள்ளே நுழையும். அவ்விடத்திற் சிறிது அரிக்கும். சேற்றுப்புண் என்று எண்ணி எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நுழைந்த குடம்பி இரத்தத்தோடு சென்று நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்ந்து முதிர்ந்த புழுவாகும். தோலின் வழியாக அது புகுகிறது என்பதை 1898இல் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தற்செயலாகக் கண்டார். குடம்பிகள் இருந்த நீர்த்துளி அவர் கையிற் சிந்தி அரிப்பு உண்டாக்கியது. பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் காணப்பட்டன.

இங்கே ஓர் உண்மையை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இப்புழு மனித உடலுக்குள்ளே பெருகுவதில்லை. குடலில் உள்ள ஒவ்வொரு புழுவும் தனித்தனியே மண்ணிலிருந்து வந்து புகுந்ததே. எனவே மண்ணில் மலம் கலவாது தடுத்தால், உள்ளே இருக்கும் புழுக்கள் சில ஆண்டுகளில் தாமே மடியும். நோயும் அவற்றோடு மடியும். மண்ணைத் தூய்மை செய்யாது குடலை மட்டும் தூய்மை செய்தாலோ, ஒழிந்த புழுக்களின் இடத்துக்குப் புதியவை வந்து சேரும். மலைநாட்டுத் தோட்டங்களின் சுகாதார வரலாறு முழுவதும் இந்த ஒரே உண்மையைச் சுற்றிச் சுழல்வதைக் காணலாம்.

தொழில் நடக்கும் இடமே இந்நோய்க்கு நிலைக்களமாகும் என்பதை உலகம் முதலில் ஐரோப்பாவில் உணர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கோத்தார்ட் புகையிரதச் சுரங்கம் அமைத்தபோது, அங்கு வேலைசெய்தோரிடையே கடுஞ்சோகை பரவியது. 1880இல் அதன் காரணம் கொளுக்கிப் புழு என வெளியாயிற்று. வெளியே பனி பெய்யும் நாட்டிலும், வெம்மையும் ஈரமும் மலசலகூடம் இல்லாமையும் சேர்ந்த சுரங்கத்தினுள் புழுவுக்கு உகந்த மண் கிடைத்துவிட்டது. பின்னர் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களில் நோய் பரவியபோது, 1903 முதல் நிலத்தடியில் வேலைசெய்வோர் மலத்தைப் பெருந்தொகையாகப் பரிசோதித்து, தொற்றுடையோருக்குச் சிகிச்சை அளித்தபின்பே மீண்டும் சுரங்கத்தில் இறங்கவிட்டார்கள். அத்தோடு நில்லாமற் சுரங்கத்தினுள்ளே மலவாளிகளும் வைக்கப்பட்டன. பரிசோதனை ஒரு கையாகவும் துப்புரவு மறு கையாகவும் அங்கே இயங்கின.

இலங்கையில் நிலைமை என்ன? தென்னிந்தியாவிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி வந்த தமிழ்த் தொழிலாளர், முதலிற் கோப்பித் தோட்டங்களிலும், கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். தோட்ட மாவட்டங்களில் வைத்திய வசதி அமைப்பதற்கென 1872இலேயே மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் தோன்றின. ஆனால் மருந்துச்சாலை என்பது தன்னை நாடி வருவோரையே அறியும். நடமாடும் சோகையாளர் ஒரு நாட் பேரை இழந்து அங்கே வருவதில்லை. வந்தாலும், சோகையின் மூலத்தை அறிய அங்கே நுணுக்குக்காட்டி இருப்பதில்லை.

இந்நிலையில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் உலகெங்கும் கொளுக்கிப் புழுவை எதிர்க்கும் பணியில் இறங்கினர். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1909இல் தொடங்கிய முயற்சி, 1913இல் சர்வதேச சுகாதார ஆணைக்குழுவாக விரிந்தது. கீழைத்தேசங்களுக்குப் பொறுப்பாயிருந்த டாக்டர் விக்டர் ஹெய்சர் இலங்கைக்கு வந்து அரசாங்கத்தாரோடும் தோட்டத்துரைமாரோடும் பேசினார். அதன் பயனாக 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கியது. பிரிட்டிஷ் கயானாவில் முன்னர்க் கையாளப்பட்ட 'தீவிர முறை'யே இங்கும் கொள்ளப்பட்டது. நோயாளி வருவார் என்று காத்திராது, எல்லோரையும் கணக்கெடுத்தல், எல்லோரையும் பரிசோதித்தல், தொற்றுடையோர் யாவருக்கும் மருந்தளித்தல், மீண்டும் பரிசோதித்துக் குணம் அறிதல் என நான்கு படிகள் உடையது அம்முறை.

வேலை நடந்த விதம் எளிது. பேரேட்டின்படி ஒவ்வொருவருக்கும் பெயரும் இலக்கமும் குறித்த சிறு கொள்கலம் தரப்படும். மறுநாள் அது மலத்தோடு திரும்பி வரும். அதில் ஓர் ஊசிமுனையளவு எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பரப்பி நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், தொற்றுடையவரின் மலத்தில் மெல்லிய ஓடுடைய நீள்வட்ட முட்டைகள் தெரியும். பார்த்து முடிந்தபோது வெளியான உண்மை திகைக்க வைத்தது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர் பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கு மேல் புழு இருந்தது. சோம்பல் என்று ஏசப்பட்டதெல்லாம் சோகை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அக்காலத்து மருந்துகள் இரண்டு. ஒன்று தைமோல், நம் வீட்டு ஓமத்துக்கு மணமும் காரமும் தரும் சத்து அதுவே. மற்றொன்று சீனோபோடியம் என்னும் செடியிலிருந்து எடுக்கும் எண்ணெய். இரண்டும் கடுமையானவை. பட்டினி இருந்து மருந்தை விழுங்கிப் பேதியுப்புக் குடிக்கவேண்டும். அளவு மிஞ்சினால் உயிருக்கும் ஆபத்து. தைமோல் உண்டவர் அன்று கொழுப்புப் பண்டமோ சாராயமோ தொட்டால் நஞ்சாகும். இத்தனை இடரையும் ஏற்றுப் பல்லாயிரம் தொழிலாளர் மருந்து உண்டனர். குடலை விட்டுப் புழுக்கள் நீங்கின. முகத்தில் இரத்தம் ஊறியது.

ஆனால் சிலகாலம் சென்று மீண்டும் பரிசோதித்தபோது, குணமானவர்களிற் பலரிடம் முட்டைகள் திரும்பவும் காணப்பட்டன. காரணம் வெளிப்படை. குடல் தூய்மையாயிற்று, மண் தூய்மையாகவில்லை. மலசலகூடம் அமைக்கவேண்டிய பொறுப்பு தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்தது. பல தோட்டங்கள் செலவுக்கு அஞ்சித் தயங்கின. கட்டினாலும் தொழிலாளர் பயன்படுத்தமாட்டார் என்று சிலர் சொன்னார்கள். நோய் இந்தியாவிலிருந்து வருகிறது என்றும் கூறினார்கள். வரும்போதே பலர் நோயோடு வந்தது உண்மையே. 1917இல் திறக்கப்பட்ட மண்டபம் முகாமில் கடல் கடக்குமுன் தொழிலாளரைத் தடுத்துவைத்து அம்மை குத்தியதோடு புழு மருந்தும் கொடுத்தார்கள். ஆயினும் தோட்டத்து மண்ணிற் பிறந்து, தோட்டத்து வழியிலேயே காலில் ஏறும் குடம்பிக்கு மண்டபத்தில் எப்படி அணை கட்டமுடியும்?

மலசலகூடமும் பராமரிப்பும் இல்லாத மருந்து ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பு என்பதை ராக்பெல்லர் நிறுவனத்தாரும் உணர்ந்தனர். 1920களில் அவர்களுடைய கவனம் ஒரே நோயை எதிர்ப்பதிலிருந்து பொதுச் சுகாதாரத்தின்பாற் சென்றது. 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதற் சுகாதாரப் பிரிவு அமைந்தது. குடிநீர், மலசலகூடம், தாய்சேய் நலம், சுகாதாரக் கல்வி அனைத்தையும் ஒரே வட்டாரத்தில் ஒருங்கே கவனிக்கும் அமைப்பு அது. இன்று இலங்கையிற் பட்டிதொட்டியெங்கும் பணிபுரியும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களுக்கு முன்னோடி அதுவே. தோட்டத்திற் கற்ற பாடத்தின் முழுப்பயன் முதலிற் கிராமத்துக்கும் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தது, தோட்டம் காத்திருந்தது.

எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதற்கு 1992இல் பெருந்தோட்டத்துறை முழுவதிலும் நடந்த ஆய்வு விடை தருகிறது. மூன்று முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களையும் பரிசோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் இருந்தன. கொளுக்கிப் புழு மட்டுமன்று. உருண்டைப் புழு, சாட்டைப் புழு ஆகியவையும் இக்கணக்கிற் சேர்ந்தவை. முக்கால் நூற்றாண்டு கடந்தும் பழைய விகிதமே மீண்டும் தலைகாட்டியது எனலாம். 1994 முதல் 2005 வரை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை புழு மருந்து அளிக்கப்பட்டது. மருந்து நின்று நான்கு ஆண்டுகளின்பின் ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளைச் சேர்ந்த 1,890 பிள்ளைகளின் மலம் பரிசோதிக்கப்பட்டது. தொற்றுடையோர் 29 சதவீதம். இரண்டு மாவட்டங்களிற் கொளுக்கிப் புழுவே காணப்படவில்லை. தாழ்ந்த மலைப்பகுதி, தாயின் கல்விக் குறைவு ஆகியவை மூவகைப் புழுக்களுக்கும் துணைபோயின. வீட்டு மலசலகூட வசதியின் குறைவு உருண்டைப் புழுவுக்கும் கொளுக்கிப் புழுவுக்கும் துணைசெய்தது. நுவரெலியாவைப்போல் 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் மண் குளிர்ந்திருப்பதால் குடம்பி எளிதில் வளர்வதில்லை. இறங்க இறங்க மண்ணின் வெம்மை கூடும், புழுவும் பெருகும்.

தொண்ணூறிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியது பெரும் வெற்றி. ஆயினும் நூற்றுக்கு இருபத்தொன்பது பிள்ளைகள் என்பது கவலையற்று உறங்கத்தக்க கணக்கன்று.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். பத்துக்கு ஒன்பது பேருக்கு நோய் உள்ள இடத்தில் ஒவ்வொருவரையும் பரிசோதிப்பது எதற்கு? எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாகாதா? கொடுக்கலாம், அதற்கு மருந்து தீங்கற்றதாக இருக்கவேண்டும். தைமோல் காலத்தில் நோயில்லாதவருக்கு அம்மருந்தைக் கொடுப்பது பாவம். இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் தீங்கற்றவை, பரிசோதனையைவிட மலிவானவை. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் நெறி வேறு. சிலரை மட்டும் மாதிரியாகப் பரிசோதித்து நோயின் பரவலை அறிக. நூற்றுக்கு இருபதுக்கு மேலாயின் ஆண்டுக்கு ஒருமுறை, ஐம்பதுக்கு மேலாயின் இருமுறை, பாதிப்புக்கு இலக்காவோர் யாவருக்கும் மருந்து கொடுக்க என்பது அந்நெறி. நோய் மிகப் பரந்திருந்து மருந்தும் எளிதாயின் சிலரைச் சோதித்து எல்லோருக்கும் மருந்தளிப்பது முறை. நோய் சிலரிடமே ஒளிந்திருந்து, அச்சிலர் பலருக்குப் பரப்பக்கூடுமாயின் எல்லோரையும் சோதித்துச் சிலரைப் பிரித்துவைப்பது முறை.

இரண்டாவது முறையின் தேவையை 2020ஆம் ஆண்டின் கோவிட் நோய் உணர்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் தொழிலாளி ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்து, ஏனையோரையும் பரிசோதித்தபோது, தொழிலாளரும் அவர்களோடு பழகியோருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொற்றுடையவராகக் காணப்பட்டனர். அவர்களுட் பலருக்கு நோயின் குறியே இல்லை. ஊரடங்கு நாட்களிலும் மலைநாட்டிற் கொழுந்தெடுப்பு நிற்கவில்லை. கொழும்பில் வேலைசெய்த தோட்டத்து இளைஞர் வீடு திரும்பினர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பி.சி.ஆர். பரிசோதனைக்காகத் தோட்டங்களுக்கு வந்தனர்.

அப்போது பழைய பாடம் புதிய உருவில் வந்து நின்றது. தொற்றுடையவர் ஒதுங்கி இருக்கவேண்டும் என்பது விதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஆறேழு பேர் வாழும் குடும்பத்தில் ஒருவர் எங்கே ஒதுங்குவது? நாட்கூலியை நம்பிய குடும்பத்தில் இரண்டு கிழமை பேர் விழாவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? நோய் என்று வெளியானால் கூலி போகும், அயலார் விலகுவர் என்று தெரிந்தவர் பரிசோதனைக்கு மனமுவந்து வருவாரா? வரமாட்டார். அது அறியாமையன்று, கணக்குத் தெரிந்ததன் விளைவு.

எனவே வேலைத்தலத்தில் அனைவரையும் பரிசோதிக்க முனைவோர் முதலிற் சில ஒழுங்குகளைச் செய்துகொள்ளவேண்டும். பரிசோதனைக்கு வரும் நாளிலும் சிகிச்சை பெறும் நாளிலும் பேர் விழவேண்டும். ஒருவருடைய நோய் அவரும் வைத்தியரும் மட்டும் அறிந்ததாக இருக்கவேண்டும். பிரட்டுக் களத்தில் உரக்கக் கூறப்படலாகாது. பரிசோதனை ஒரு நாளோடு முடிந்துவிடக்கூடாது. இன்று தொற்றில்லாதவர் நாளை தொற்றுறக்கூடும். முடிவு தெரிந்தபின் செய்யவேண்டியது மருந்தாயினும், ஒதுக்கிடமாயினும், மலசலகூடமாயினும், அது முடிவுக்கு முன்னரே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

இவற்றுள் இறுதியாகச் சொன்னதே தலையாயது. கொழுந்தெடுக்கும் பெண் பொழுதின் பெரும்பகுதியைக் கழிப்பது லயத்தில் அன்று, மலையில். லயத்தருகே மலசலகூடம் இருந்தும் மலையில் இல்லையாயின், தேயிலைத் தூரின் மறைவே அவளுக்குக் கதி. அந்த மண்ணிலேதான் மறுநாளும் அவள் கால் பதிகிறது. வேலைக்காட்டுக்கு அருகே நீரும் கதவும் உள்ள ஒரு சிறு கூடம், காலுக்கு ஒரு பாதணி, பிள்ளைக்காம்பராவிற் கைகழுவச் சவர்க்காரம் ஆகிய மூன்றும் எந்த நுணுக்குக்காட்டிக்கும் குறைந்த பயனுடையவை அல்ல.

நுணுக்குக்காட்டி நோயைக் காட்டும், போக்காது. 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் எண்ணப்பட்ட முட்டைகள் தொழிலாளரின் உடலைப்பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர்கள் மிதித்த மண்ணைப்பற்றியும், அந்த மண்ணுக்குப் பொறுப்பானவர்களைப்பற்றியும் சொல்லின. பரிசோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த தொழிலாளர் தம் கடமையைச் செய்துவிட்டனர். அதன் முடிவைக் கையில் வாங்கியவர்கள் செய்யவேண்டிய கடமை அதன்பிறகே தொடங்குகிறது.